ஸ்பானிஷில் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேட்பது எப்படி? வாஷிங் மெஷின் பஞ்சாயத்து

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. சொந்த ஊர் ஈரோடு, கல்யாணமாகி வந்த இடம் வலென்சியா. ஸ்பானிஷ் முழுக்க போன் ஆப்பில் கற்றது. காய்கறி வாங்க, பஸ் ஏற, பக்கத்து வீட்டு அம்மாவோடு வெயிலைப் பற்றிப் புலம்ப அது போதும். இப்போது வந்திருக்கும் வேலை வேறு மாதிரி.

போன வருஷம் இங்கே ஒரு கடையில் புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளுவதில்லை. பாதி டிரம்முக்கு அழுக்குத் தண்ணீர் நிற்கிறது, கதவும் பூட்டிக்கொள்கிறது. தரையில் உட்கார்ந்து, கீழே இருக்கும் ஃபில்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கேக் செய்கிற தட்டு ஒன்றை வைத்துப் பிடித்துப் பிடித்து ஊற்றுகிறேன். ஃபில்டரைக் கழுவியும் பார்த்துவிட்டேன், அடைப்பு எதுவும் இல்லை. பம்ப் ஓடுகிற சத்தமே வருவதில்லை. வீட்டுக்காரர் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. கடைக்கு நான்தான் பேசியாக வேண்டும்.

இரண்டு மூன்று சந்தேகம். ஆப்பில் எதைக் கேட்டாலும் 'கிசியேரா' (வேணும் என்பதன் ரொம்பப் பணிவான வடிவம்) என்று ஆரம்பிக்கச் சொல்கிறது. பக்கத்து வீட்டு அம்மா அதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று சிரிக்கிறார். ஆனால் 'கியேரோ', அதாவது 'எனக்கு வேணும்' என்று சொல்ல வாய் கூசுகிறது. அப்புறம், கடைப் பையன்கள் எல்லோரும் என்னை எடுத்தவுடனே 'தூ' என்று ஒருமையில்தான் பேசுகிறார்கள். மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மா 'ரெய்னா' என்கிறார். நானும் ஒருமையில் பேசலாமா, இல்லை மரியாதையாக 'உஸ்தெத்' (நீங்க) போட வேண்டுமா? கடைசியாக, கடைக்காரர் தட்டிக்கழித்தால் சண்டை மாதிரி இல்லாமல் அழுத்திக் கேட்பது எப்படி?

லவாபியெஸ் மதுரைக்காரன்:

தங்கச்சி, நான் மாட்ரிட்டில் லவாபியெஸ் பக்கம் ஒரு பழக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன். எப்படிக் கேட்டால் கடைக்காரன் உருகுவான், எப்படிக் கேட்டால் முகத்தைத் திருப்புவான் என்பதைத் தினமும் அனுபவிக்கிற ஆள். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் ஆட்கள் தமிழில் நினைத்து, அதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஸ்பானிஷுக்கு வருகிறார்கள். நேராகப் போகிற பஸ் இருக்கும்போது எதற்கு நடுவில் இறங்கி ஏற வேண்டும்? நம் ஊர் டீக்கடையில் 'தயவுசெய்து எனக்கு ஒரு டீ தர இயலுமா' என்று யாராவது கேட்டால் மாஸ்டர் ஒரு மாதிரி பார்ப்பார். 'அண்ணே, ஒரு டீ போடுங்க', முடிந்தது. ஸ்பெயினிலும் இதே கதைதான். பாரில் போய் நின்று 'மே போனெஸ் உன் கஃபே?' என்பார்கள். 'போனெர்' என்றால் போடுவது, வைப்பது. 'எனக்கு ஒரு காபி போடுறியா' என்பது அப்படியே நம் பேச்சு. 'போன்மே உன் கிலோ தே தொமாதெஸ்', ஒரு கிலோ தக்காளி போடு என்று என்னிடம் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். குரல் நன்றாக இருந்தால் அதில் அவமரியாதை எதுவும் இல்லை. 'போர் ஃபவோர்' சேர்த்தால் நல்லதுதான், ஆனால் வாக்கியத்துக்கு ஒன்று வேண்டியதில்லை.

இங்கே மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே நுழையும்போதே 'புவேனோஸ் தியாஸ்' சொல்ல வேண்டும். நேரம் குழம்பினால் வெறும் 'புவேனாஸ்' போதும், எந்த நேரத்துக்கும் பொருந்தும். டாக்டர் ஆபீஸில் காத்திருக்கும் அறைக்குள் போனால்கூட, முன்பின் தெரியாத நாலு பேரைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். வணக்கம் சொல்லாமல் நேராகப் பொருளுக்குப் பாய்கிறவன் ஆயிரம் 'போர் ஃபவோர்' போட்டாலும் முரடன்தான். வலென்சியா மெர்காதோ சென்ட்ராலில் நீங்களே பார்த்திருப்பீர்கள், கடை முன்னால் கூட்டம் இருந்தால் 'கியேன் எஸ் லா உல்திமா?', கடைசியாக நிற்பது யார் என்று கேட்டுவிட்டுத்தான் நிற்பார்கள். அதைக் கேட்காமல் நடுவில் புகுந்தால் பாட்டிகள் கிழித்துவிடுவார்கள். எங்கள் கடையில் நடந்திருக்கிறது, செர்ரி சீசனில்.

இப்போது உங்கள் 'கிசியேரா'. தப்பில்லை. ஓட்டல் வரவேற்பில், மெயிலில், வயதானவர்கள் வாயில் கேட்கலாம். ஆனால் கடையில் நாங்கள் கேட்பது 'கெரியா'. 'கெரியா காம்பியார் எஸ்தோ', இதை மாற்றலாம் என்று வந்தேன். இலக்கணத்தில் அது இறந்தகாலம். இப்போது வேண்டியதற்கு ஏன் இறந்தகாலம் என்று ஐரோப்பியர்களுக்கு வகுப்பில் தனிப்பாடம் நடத்துகிறார்கள். நமக்கு எதற்குப் பாடம்? 'ஒரு விஷயம் கேட்கலாம்னு வந்தேங்க', 'சும்மா விசாரிக்கலாம்னு போன் பண்ணேங்க' என்றுதானே நாம் தினமும் பேசுகிறோம். போனில் அதுவே 'யமாபா போர்...', இன்ன விஷயமாகக் கூப்பிட்டேன். 'கியேரோ' இங்கே யாரையும் புண்படுத்தாது. ஆனால் ஒரு புகாரின் முதல் வார்த்தையாக வைக்க வேண்டாம். ரெண்டாவது சுற்றுக்குத் தேவைப்படும்.

அடுத்து, 'எஸ் கே'. இதை ஆப் சொல்லித்தராது. விஷயத்தை விளக்கப்போகும்போது ஸ்பானியர்கள் இதைத்தான் முதலில் போடுவார்கள். நம் 'அது வந்துங்க...' 'எஸ் கே நோ தெஸாகுவா', அது வந்து, தண்ணி வெளியே போக மாட்டேங்குது. குற்றம் சாட்டாமல் குறை சொல்வதற்கு இதைவிட நல்ல வார்த்தை இல்லை. 'உங்க மெஷின் சரியில்ல' என்று ஆரம்பிப்பதற்கும் இதற்கும் எதிரில் நிற்பவன் முகமே வேறாக இருக்கும்.

ஒருமை, பன்மை விவகாரத்துக்கு வருவோம். கொங்கு நாட்டுக்காரருக்கு உஸ்தெத் சொல்லித்தர நான் யார்? ஆனால் ஸ்பெயினில் ஒருமை நம் ஒருமை அளவுக்குக் கீழே இறங்காது. முப்பது வயதுக் கடைப் பையன் உங்களை 'தூ' என்றால் சகஜமாக எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம், நீங்களும் தூ போடலாம். நன்றாக வயதானவர்கள், போலீஸ், அரசு அலுவலகம், கம்பெனியின் போன் லைன், இங்கெல்லாம் உஸ்தெத். எங்கள் கடைக்கு வரும் எண்பது வயதுப் பாட்டியை நான் உஸ்தெத் என்பேன், அவர் என்னைத் தூ என்பார். ஒரு நாள், 'இப்படிக் கூப்பிட்டு என்னைக் கிழவியாக்காதே' என்று திட்டினார். அதிலிருந்து அவருக்கும் தூ. ஆக உஸ்தெத்தில் ஆரம்பித்து அவர்கள் சொன்னால் இறங்குங்கள். கீழே இருந்து மேலே ஏறினால்தான் ஏதோ கோபம் போல் ஆகிவிடும்.

உச்சரிப்பில் வித்தியாசம் சின்னது. நாம் மரியாதைக்கு 'ங்க' சேர்ப்போம், அவர்கள் கடைசி 'ஸ்'ஸை எடுப்பார்கள். 'மே போனெஸ்', 'மே போனே'. 'மே கோப்ராஸ்?', 'மே கோப்ரா?' (காசு எடுத்துக்கிறீங்களா). 'குவாந்தோ புவேதாஸ்', 'குவாந்தோ புவேதா' (முடிகிறபோது). இந்தக் கடைசி ஒன்றைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிற ஆளிடம் 'குவாந்தோ புவேதாஸ்' என்று சொல்லி முடிக்கும் வாடிக்கையாளருக்கு நான் முதலில் ஓடுவேன். கூப்பிடுவதற்குத் தூவில் 'பெர்தோனா', 'மிரா'. உஸ்தெத்தில் 'பெர்தோனே', 'மிரே'. 'மிரே' என்றால் 'பாருங்க'. நம் 'இங்க பாருங்க'வில் இருக்கிற சண்டை வாடை அதில் கிடையாது. ஒன்றில் ஆரம்பித்து மற்றதில் முடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ரெய்னா என்றால் ராணி. மீன்கார அம்மா உங்களை 'ராசாத்தி' என்கிறார், அனுபவியுங்கள்.

போன் பேச இதோ. எடுத்தவுடன் அவர்கள் 'தீகமே' என்பார்கள். 'சொல்லுங்க', அதேதான். பயப்படாமல்:

'புவேனாஸ் தார்தெஸ். மிரே, யமாபா போர் உனா லவதோரா கே கொம்ப்ரே என் சு தியேந்தா. எஸ் கே நோ தெஸாகுவா. கெரியா சபேர் குவாந்தோ புவேதென் வெனீர் அ மிரார்லா.'

மாலை வணக்கம், உங்கள் கடையில் வாங்கிய வாஷிங் மெஷின் விஷயமாகக் கூப்பிட்டேன், அது வந்து தண்ணீர் வெளியேறுவதில்லை, எப்போது வந்து பார்க்க முடியும் என்று கேட்கலாம் என்று. வேகமாகப் பதில் வந்தால், 'புவேதே அப்லார் மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்?', கொஞ்சம் மெதுவாகப் பேசுங்களேன். முடிக்கும்போது 'மே தா உன் நூமெரோ தே இன்ஸிதென்ஸியா?', புகார் எண் தாங்க. அதை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

சென்னை ஸ்பானிஷ் டெஸ்க்:

மதுரை அண்ணன் சொன்னது ஸ்பெயினுக்கு முழுக்கச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது மெக்ஸிகோவிலோ கொலம்பியாவிலோ 'போன்மே உன் கஃபே' என்று கேட்டுவிடக் கூடாதே என்று எழுதுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்வது என் வேலை. ராத்திரி ஷிப்ட்.

அங்கே வெறும் ஏவல் வினை காதில் அறைகிற மாதிரி விழும். 'மே போத்ரியா...' (முடியுமா என்று தயங்கிக் கேட்பது), 'செரியா தான் அமாப்லே தே...' (தயவு பண்ணி), 'தெஸ்குல்பே லா மொலெஸ்தியா' (தொந்தரவுக்கு மன்னிக்கணும்) இதெல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு, நாடகம் இல்லை. கொலம்பியாவில் 'மே ரெகாலா உன் தின்தோ?' என்பார்கள். ஒரு கறுப்புக் காபி பரிசாகத் தருகிறீர்களா என்று நேரடி அர்த்தம், ஆனால் காசு கொடுத்துத்தான் குடிப்பார்கள். நாங்களும் ஆர்டர் எண் கேட்கும்போது 'மே ரெகாலா சு நூமெரோ தே பெதிதோ?' என்றுதான் கேட்போம். இதே வாக்கியத்தை மாட்ரிட் ஆளிடம் சொன்னால், ஓசியில் கேட்கிறாளோ என்று நினைப்பார். நன்றி சொன்னால் கொலம்பியாக்காரர் 'கோன் முச்சோ குஸ்தோ' என்பார், ரொம்ப சந்தோஷமாகச் செய்கிறேன் என்று.

காதில் சரியாக விழாவிட்டால் மெக்ஸிகோவில் 'மாந்தே?' என்று கேட்பது பணிவு. வெறும் 'கே?' என்றால் 'என்ன?' என்று அதட்டுகிற மாதிரி. போன் எடுத்ததும் மெக்ஸிகோக்காரர் 'புவேனோ?' என்பார், தீகமே எல்லாம் அங்கே எதிர்பார்க்காதீர்கள். பொகோட்டாவில் அண்ணன் தம்பிகூட உஸ்தெத் போட்டுப் பேசிக்கொள்வதுண்டு. அர்ஜென்டினா போனால் தூவே கிடையாது, 'வோஸ்'. வினைச்சொல்லும் மாறும்: 'மே கோப்ராஸ்' அங்கே கடைசி அசையில் அழுத்தம் வாங்கும்.

இன்னொன்று, ஸ்பெயினில் எடுப்பது, பிடிப்பது எல்லாவற்றுக்கும் 'கொஹேர்' என்பார்கள். அதை மெக்ஸிகோ, அர்ஜென்டினா லைனில் சொன்னால் ஆபாசம். எங்கள் டிரெய்னிங்கில் முதல் நாளே எச்சரித்த வார்த்தை.

லவாபியெஸ் மதுரைக்காரன்:

சென்னைத் தங்கச்சி சொல்வது உண்மை. எங்கள் கடைக்கு எக்வடோர், கொலம்பியா ஆட்கள் வருவார்கள். 'வெசினோ, மே ரெகாலா உனா போல்சிதா?' என்று ஒரு பை கேட்பதற்குள் நமக்கே ரெண்டு பை கொடுக்கத் தோன்றும். அதே ஆட்கள் இங்கே வந்த புதிதில் ஸ்பானியர்கள் எல்லோரும் கோபமாகவே இருக்கிறார்கள் என்று நினைத்ததாகச் சொல்வார்கள். சத்தமாகப் பேசுவதுதான், கோபம் ஒன்றும் இல்லை. மதுரைக்காரனுக்கு இது புரியும்.

சரகோசா வாசகன்:

மொழி விஷயம் மேலே வந்துவிட்டது, சட்டத்தை மட்டும் நான் சொல்கிறேன். எது உங்கள் உரிமை என்று தெரிந்தால் குரல் தானாகவே நிதானமாகும்.

ஸ்பெயினில் 2022 ஜனவரி 1 முதல் வாங்கிய புதுப் பொருளுக்குச் சட்டப்படி 3 வருஷம் உத்தரவாதம் உண்டு. பெயர் 'கரந்தியா லெகால்'. பொறுப்பு விற்ற கடையுடையது. 'கம்பெனி சர்வீஸுக்குப் போன் பண்ணுங்க' என்று அவர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். நீங்கள் விரும்பினால் பண்ணலாம், கட்டாயம் இல்லை. முதல் 2 வருஷத்துக்குள் கோளாறு தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். ரிப்பேருக்கு, ஆள் கூலிக்கு, ஏற்றி இறக்குவதற்கு எதற்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது.

தட்டிக்கழித்தால் 'ஓஹா தே ரெக்லமாஸியோனெஸ்' கேளுங்கள். புகார்ப் படிவம். கடைகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். நிரப்பி, உங்கள் நகலை எடுத்துக்கொண்டு, நகராட்சியின் நுகர்வோர் அலுவலகமான ஓமிக்கில் கொடுக்கலாம். பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். இங்கே தரும் ரசீதுத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

மெயில் எழுதுவதானால் கடையில் பேசுகிற பாணி கூடாது, அங்கே தாராளமாக அலங்காரம் பண்ணலாம். 'எஸ்திமாதோஸ் செஞ்ஞோரெஸ்' என்று ஆரம்பித்து, 'லெஸ் அக்ரதெஸெரியா கே மே இந்திகாரான்...' (தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்) என்று கேட்டு, 'கேதோ ஆ லா எஸ்பேரா தே சு ரெஸ்புவெஸ்தா' (பதிலை எதிர்பார்க்கிறேன்) என்று முடிக்கலாம். வாங்கிய தேதி, மாடல், கோளாறு மூன்றையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். அடிக்கடி வரும் பதில் இயந்திரப் பதில், அதற்கும் மரியாதையாகவே திரும்ப எழுதுங்கள். பின்னால் ஓமிக் அந்தக் கடிதங்களைத்தான் பார்க்கும்.

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. பேசிவிட்டேன். 'யமாபா போர்' வரைக்கும் நன்றாகப் போனது. அந்தப் பொண்ணு பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் சரகோசாக்காரர் சொன்னது போலவே கம்பெனி நம்பரைக் கொடுத்தாள். புகார் எண் கேட்டேன், அது கம்பெனிதான் தரும் என்றாள். நாளைக்கு நேரில் போகிறேன். இதைத்தான் சொல்லலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன், சரி பார்த்துச் சொல்லுங்கண்ணா:

'பெர்தோனா, கியேரோ லா ஓஹா தே ரெக்லமாஸியோனெஸ். லா கரந்தியா எஸ் சுயா.' (மன்னிக்கணும், எனக்குப் புகார்ப் படிவம் வேணும். உத்தரவாதம் உங்களுடையது.)

படிவம் கேட்டாலே சண்டைக்கு வந்ததாக நினைத்துவிடுவார்களா? அதுதான் யோசனையாக இருக்கிறது.

லவாபியெஸ் மதுரைக்காரன்:

முதலில் ஒட்டுவேலை. 'பெர்தோனா' தூ, 'சுயா' உஸ்தெத். நேரில் போய்ப் புகார் பேசும்போது முழுக்க உஸ்தெத்திலேயே இருங்கள், 'பெர்தோனே' என்று மாற்றிவிடுங்கள். அவர்கள் தூவில் பேசினாலும் இந்த ஒரு சந்தர்ப்பத்தில் நீங்கள் இறங்க வேண்டாம். உஸ்தெத் இங்கே இடைவெளி வைக்கிற கருவியும்கூட.

எடுத்தவுடன் படிவத்தைக் கேட்காதீர்கள். அது கடைசிப் படியாக இருக்கட்டும். போனதும் வணக்கம், பில்லைக் கவுண்டரில் வையுங்கள், நேற்றுப் போனில் பேசியதைச் சொல்லுங்கள். கம்பெனிக்குப் போங்கள் என்றால்:

'லோ எந்தியேந்தோ, பெரோ லா கரந்தியா லெகால் எஸ் கோன் லா தியேந்தா. கியேரோ கே லோ ஹெஸ்தியோனென் உஸ்தேதெஸ், போர் ஃபவோர்.'

புரிகிறது, ஆனால் சட்ட உத்தரவாதம் கடையோடுதான், நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கேதான் அந்தக் கியேரோ. அதுவரை கெரியா போட்டுப் பேசியவர் திடீரென்று கியேரோ என்றால், எதிரில் இருப்பவருக்குக் குரல் ஏறாமலேயே விஷயம் புரிந்துவிடும். அப்புறம் பேசாமல் நில்லுங்கள். மௌனம் ஸ்பானியர்களுக்குப் பிடிக்காது, அவர்களே எதையாவது சொல்ல ஆரம்பிப்பார்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் 'புவெஸ் மே தா உனா ஓஹா தே ரெக்லமாஸியோனெஸ், போர் ஃபவோர்'. 'புவெஸ்' என்றால் 'அப்படின்னா சரி'. எங்கள் முதலாளியிடம் படிவம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அமைதியாகக் கேட்கிறவரைக் கண்டால் அவருக்கு உள்ளுக்குள் உதறும், கத்துகிறவரைக் கண்டால் அலட்டிக்கொள்ள மாட்டார். பாதிப் பேருக்குப் படிவத்தைத் தேடி எடுக்கிற நேரத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

முடிந்தால் பதினொரு மணி வாக்கில் போங்கள். இரண்டு மணி நெருங்கினால் மதியச் சாப்பாட்டுக்குக் கடை மூடுகிற அவசரத்தில் இருப்பார்கள், அப்போது எந்த மொழியில் கேட்டாலும் வேலை நடக்காது.